அப்ப நாங்க ஏமாத்துக்காரங்களா?

ஞாயிற்றுக்கிழமை விழாவில் அந்தச் சினிமா இயக்குநர் பேசிய கிளிப்பை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். "அண்ணே, பாத்தீங்களா?" என்று கேட்டு, கூடவே சிரிப்பு பொம்மை வேறு. பார்த்தேன் சாமி, நேரிலேயே பார்த்தேன். இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். "எழுத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது, சொல்லிக் கொடுக்கிறேன்னு காசு வாங்குறவன் ஏமாத்துக்காரன்" என்று அவர் சொன்னதும் விசில் அடித்தவர்களில் பாதிப் பேர் கல்லூரியில் என் திரைக்கதை வகுப்புப் பிள்ளைகள். அதில் எனக்கு வருத்தமில்லை. மேடையில் யார் எதைச் சொன்னாலும் விசில் அடிக்கிற வயசு.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய முதல் படத்தைப் போட்டுக் காட்டித்தான் இன்றைக்கும் சீன் பிரிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஏமாற்று வேலைக்கு அவர் படத்தைப் பயன்படுத்தியதற்கு அவர்தான் மன்னிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும். முழுசாக முடியாது, ஆனால் நிறையவே முடியும். ஒரு சீன் எங்கே தொடங்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், கதாபாத்திரம் தெரிந்த விஷயத்தையே எதிரில் இருப்பவனிடம் ஏன் ஒப்பிக்கக் கூடாது, கேமராவால் பார்க்க முடியாததைத் திரைக்கதையில் எழுதி என்ன புண்ணியம். 'அவன் மனதுக்குள் உடைந்து போனான்' என்று எழுதினால் கேமராமேன் எதைப் பிடிப்பார்? இதையெல்லாம் யாரும் தாயின் வயிற்றிலிருந்து கொண்டு வருவதில்லை.

இதொன்றும் மேல்நாட்டு இறக்குமதியும் கிடையாது. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936லிருந்து எழுத்துப் பட்டறை நடக்கிறது என்று சொன்னால் "அது அமெரிக்கா" என்பீர்கள். நன்னூல் நம்முடையதுதானே? நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பட்டியலே போட்டிருக்கிறார். நான் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே அதை போர்டில் எழுதிப் போட்டுவிடுவேன். கூறியது கூறல்: ஹீரோ நல்லவன் என்று மூன்று சீனில் நிரூபிப்பது. மற்றொன்று விரித்தல்: கதையோடு ஒட்டாத காமெடி டிராக். சென்று தேய்ந்து இறுதல்: நம்ம ஊர் செகண்ட் ஹாஃப். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். அப்புறம் தங்கள் சீனைத் தாங்களே எடுத்து வைத்து எந்தக் குற்றம் எங்கே என்று தேடுவார்கள். இலக்கண நூலுக்குச் சொன்னதைச் சினிமாவுக்குப் பொருத்தலாமா என்று தமிழ்த்துறை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு ஏழு வருஷப் பயிற்சி, பன்னிரண்டு வயசில் அரங்கேற்றம். அவள் மேடை ஏறுவதற்கு முன்னால் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழல்காரன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இளங்கோ நிதானமாகச் சொல்கிறார். பிறவித் திறமை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே! நாட்டியத்துக்கு வாத்தியார் வேண்டும், வயலினுக்கு வேண்டும், டிரைவிங்குக்குக்கூட வேண்டும். கதைக்கு மட்டும் வானத்திலிருந்து இறங்க வேண்டுமாம்.

இயக்குநர் எங்கே கற்றுக்கொண்டார்? அவரே பேட்டிகளில் சொன்னதுதான். உதவி இயக்குநராகப் பல வருஷம் ஒருவரிடம் இருந்தார். லாட்ஜில் ரூம் போட்டு, தயாரிப்பாளர் செலவில் தோசை வரவழைத்து, ஒரே சீனை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, "இது ஒட்டலடா, மாத்து" என்று திட்டு வாங்கி, மறுபடி எழுதி. கதை டிஸ்கஷன் என்று அதற்குப் பெயர். அதுவும் வகுப்புதான் சார். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் இல்லை, அவ்வளவுதான்.

"எழுத்தாளர் கி.ரா. எந்தக் காலேஜில் படித்தார்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், நேற்றே ஒருவர் கமெண்டில் கேட்டுவிட்டார். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்ன மனிதர் அவர். அதே கி.ரா.வைத்தான் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு வருகைதரு பேராசிரியர் ஆக்கியது, அவரும் போனார். அவர் வளர்ந்த இடைசெவலில் கு. அழகிரிசாமி மாதிரி எழுதுகிற ஒரு சேக்காளி இருந்தார். என் பிள்ளைகளின் ஊரில் அப்படி ஒரு சேக்காளிக்கு எங்கே போவது?

ஒரு சீனைச் சொல்கிறேன். மேலூர் பக்கமிருந்து வருகிற மாணவி, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். குழு லோன் தவணை கட்ட முடியாத அம்மா, வசூலுக்கு வருகிற பையன். முதல் தடவை எழுதி வந்தபோது அம்மா அரைப் பக்கம் அழுதாள், வசூல்காரன் அரைப் பக்கம் கத்தினான். சீரியல். நான் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்த நேரத்துல உங்கம்மா கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வேறு சீன் வந்தது. பையன் வாசலில் பைக்கை நிறுத்துகிறான். அம்மா உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டு வருகிறாள். "வெயில்ல வந்திருக்கீக தம்பி, மொதல்ல இதக் குடிங்க." அவன் நோட்டை விரிக்கிறான். அவள் சொம்பை நீட்டியபடியே நிற்கிறாள். வேறு வழியில்லாமல் வாங்கிக் குடிக்கிறான். குடித்து முடித்த பிறகு அவனுக்குக் குரல் உயரமாட்டேன் என்கிறது. "அடுத்த வாரம் கட்டிருங்கக்கா" என்று சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறான். அழுகை இல்லை, கத்தல் இல்லை. வகுப்பில் அதை வாசித்தபோது கடைசி பெஞ்சு செல்போனைக் கீழே வைத்தது.

அந்த மோர் அவளுடையது, நான் கொடுக்கவில்லை. ஆனால் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்த இடத்தில் எவ்வளவு கத்தினாலும் போதாது எனக்கு. கேட்க ஆள் வேண்டும்!

"நீங்க ஒரு படம்கூட எழுதலையே சார்?" ஆமாம், எழுதவில்லை. இரண்டு குறும்படம், ஒரு சிறுகதைத் தொகுப்பு, அதுவும் மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் நண்பர்கள் மட்டும் வாங்கியது. அதனால் என்ன? கபடிக் கோச் எல்லாரும் இந்தியாவுக்கு ஆடியவர்களா? இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"காசு வாங்குறவன்" என்றாரே, அதுதான் உறுத்துகிறது. நான் கௌரவ விரிவுரையாளர். மே மாதச் சம்பளம் கிடையாது. கௌரவம் மட்டும் பன்னிரண்டு மாதமும் உண்டு. இதே இயக்குநர் சென்னையில் வார இறுதித் திரைக்கதைப் பயிலரங்கு நடத்துகிறார், விளம்பரம் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டணத்தைப் பார்த்தேன். என் மாணவர்களின் செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம். அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறாரோ!

எழுத்து பிறவியிலேயே வர வேண்டும் என்ற பேச்சு யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள். சென்னை வடபழனியில் தங்குவதற்கு மாமா வீடு உள்ளவனுக்கு வசதி. சம்பளமே இல்லாமல் நாலு வருஷம் உதவி இயக்குநராக அலைய வீட்டில் பணம் உள்ளவனுக்கு வசதி. மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்து ஒன்பது மணி வகுப்புக்கு வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போயாக வேண்டிய பெண்ணை எந்த லாட்ஜ் டிஸ்கஷனுக்கு அனுப்புவார்கள்? அவளுக்குக் கிடைத்திருப்பது வாரத்துக்கு நாலு மணி நேரமும் ஃபேன் ஓடாத ஒரு கிளாஸ்ரூமும்தான். அதையும் ஏமாற்று வேலை என்று அவள் உட்கார்ந்திருக்கிற அரங்கத்திலேயே வந்து சொல்லிவிட்டு, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, நைட் ஃப்ளைட் ஏறிப் போய்விடலாம்.

திங்கட்கிழமை காலையிலேயே துறையில் பேச்சு வந்துவிட்டது. "பெரிய டைரக்டரே சொல்லிட்டாரே, அந்தத் திரைக்கதைப் பேப்பருக்குப் பதிலா டிஜிட்டல் மார்க்கெட்டிங் வச்சா பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமே." சொன்னவர் கெட்டவர் இல்லை. கிளிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

பாடத்திட்டக் குழு அடுத்த வாரம் கூடுகிறது. இந்தத் தாளைப் படித்த பழைய மாணவர்கள், டிவியில் இருக்கிறீர்களோ விளம்பரக் கம்பெனியில் இருக்கிறீர்களோ ஊரில் கடை வைத்திருக்கிறீர்களோ, வகுப்பால் ஏதாவது பிரயோஜனம் இருந்திருந்தால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் இன்பாக்ஸில் அனுப்புங்கள். பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்துக் கொடுக்கப் போகிறேன். என்னைப் புகழ வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். முக்கியமாக, சந்திப்பிழை பார்த்து அனுப்புங்கடா, மானம் போய்விடும்.