ஒரு லிட்டர் சுற்றறிக்கை

(பாளையங்கோட்டை. பள்ளி திறக்க இன்னும் இரண்டு நாள். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். அத்தனையும் அத்துப்படியாகத் தெரிந்தவர் பாத்திரக்கடை அண்ணாச்சி. கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மடித்த தாளுடன் படியேறுகிறார்.)

பெரியவர்: அண்ணாச்சி, பேத்திக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்று வேண்டும்.

அண்ணாச்சி: எந்தப் பள்ளிக்கூடம் சார்?

பெரியவர்: பாட்டில் கேட்டால் பள்ளிக்கூடத்தைக் கேட்கிறீர்களே!

அண்ணாச்சி: மருந்துக்கடையில் சீட்டைக் கேட்பதில்லையா? ஒரு பள்ளியில் ஸ்டீல் கூடாது; கீழே விழுந்தால் பக்கத்து வகுப்பு வரை கேட்கிறதாம். இன்னொன்றில் பிளாஸ்டிக் கூடாது. மற்றொன்றில் பொம்மைப் படம் போட்டது கூடாது. படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்களாம். உங்கள் சீட்டைக் காட்டுங்கள்.

பெரியவர்: (தாளைப் பிரித்து) சுற்றறிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் அண்ணாச்சி. பொருள், பார்வை, பத்தி எண், உட்பிரிவு எல்லாம் இருக்கிறது. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக ஒன்றைப் பார்த்ததில்லை.

அண்ணாச்சி: சுத்தம் இருக்கட்டும். என்ன சொல்கிறது?

பெரியவர்: பத்தி ஒன்று. பாட்டில் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது.

அண்ணாச்சி: போன வருடம் அங்கே பிளாஸ்டிக் அல்லவா?

பெரியவர்: ஆமாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்க வேண்டும், 1 இருந்தால் அது ஒருமுறை குடித்துவிட்டுப் போடுகிற ரகம் என்று விளக்கியிருந்தார்கள். நல்ல விதிதான். முதல் நாள் காலைக் கூட்டத்தில் ஆசிரியை ஒவ்வொரு பாட்டிலாக வாங்கித் தலைகீழாகத் திருப்பி அந்த 5-ஐத் தேடினார்.

அண்ணாச்சி: மூடி?

பெரியவர்: இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூடுகிற மூடிதானே. மூன்று வரிசை முடிவதற்குள் கொடிக்கம்பம் வரை ஈரம். மறுநாளே பிளாஸ்டிக் தடை.

அண்ணாச்சி: அப்படியானால் செம்பு எடுங்கள். உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் வாங்குகிறார்கள்.

பெரியவர்: பத்தி ஒன்று, உட்பிரிவு இ. செம்பு கூடாது. எந்தப் பையனோ அதில் எலுமிச்சைச் சாறு கொண்டுபோயிருக்கிறான். செம்புக்குப் புளிப்பு ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா?

அண்ணாச்சி: எனக்குத் தெரியும். அந்தப் பையனின் அம்மாவுக்கும் சொல்லித்தான் விற்றேன். (ஒரு ஸ்டீல் பாட்டிலை எடுத்து) இதோ, ஒரு லிட்டர். தராசில் வைக்கிறேன், பாருங்கள். வெறும் பாட்டில் 300 கிராம்.

பெரியவர்: தண்ணீர் ஒரு கிலோ. ஆக 1 கிலோ 300. அடடா!

அண்ணாச்சி: என்ன சார்?

பெரியவர்: ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் சொல்லியிருக்கிறது.

அண்ணாச்சி: மீதி 200 கிராம் இருக்கிறதே. ஒரு பென்சில் டப்பா வைக்கலாம்.

பெரியவர்: புத்தகம்?

அண்ணாச்சி: படிப்பதென்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும் சார்.

பெரியவர்: பொறுங்கள், பள்ளியும் சட்டம் தெரிந்த பள்ளிதான். பத்தி மூன்று: பாட்டிலைப் பைக்குள் வைக்கக் கூடாது. வெளியே இருந்தால் பையின் எடையில் சேராது.

அண்ணாச்சி: பையில் சேராது. பிள்ளையின் எடையில் சேர்ந்துவிடுமா? சரி, தோளில் மாட்ட வார் வைத்த பாட்டில் தருகிறேன்.

பெரியவர்: பத்தி நான்கு. வார் கூடாது. வாரைப் பிடித்துச் சுழற்றினால் பாட்டில் ஆயுதமாகிவிடுகிறதாம்.

அண்ணாச்சி: பைக்குள்ளும் கூடாது, தோளிலும் கூடாது. கையில்தான் பிடிக்க வேண்டும்.

பெரியவர்: ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை இருக்கிறது.

அண்ணாச்சி: இன்னொரு கை?

பெரியவர்: அதை நான் பிடித்திருக்கிறேன். சாலையைக் கடக்க வேண்டாமா?

அண்ணாச்சி: (தலையைச் சொறிந்துகொண்டு) அங்கே குடிநீர் இயந்திரம் இருக்கிறதே சார். ஆண்டு விழாவில் ரிப்பன் வெட்டினார்களே!

பெரியவர்: இருக்கிறது, தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில். அந்தப் பக்கம் பிள்ளைகள் நடமாடக் கூடாது. அது பத்தி ஏழு. நானும் சும்மா இருக்கவில்லை. 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கையை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பள்ளியே நல்ல குடிநீர் கொடுத்தால் பிள்ளைகள் வீட்டிலிருந்து சுமக்க வேண்டியதில்லை என்று அதிலேயே இருக்கிறது.

அண்ணாச்சி: என்ன சொன்னார்கள்?

பெரியவர்: “தாத்தா நன்றாகப் படித்திருக்கிறார்” என்றார்கள்.

அண்ணாச்சி: நாம் வியாபாரத்தைப் பார்ப்போம். பெயர் வெட்ட வேண்டுமா?

பெரியவர்: பத்தி ஐந்து முழுக்க அதுதான். பெயர், வகுப்பு, பிரிவு, வரிசை எண், வேன் எண், தகப்பனார் கைப்பேசி எண். எழுத்துக்கு எவ்வளவு?

அண்ணாச்சி: நான்கு ரூபாய்.

பெரியவர்: நான்கா? குடத்துக்கே இவ்வளவு ஆகவில்லையே! பெயர் மகிழ்நிலா. ‘மகி’ என்று வெட்டுங்கள், போதும்.

அண்ணாச்சி: அந்த வகுப்பில் மூன்று மகி இருக்கிறார்கள். நேற்று இரண்டு பேருக்கு வெட்டினேன்.

பெரியவர்: முதலெழுத்தை மட்டும் சேருங்கள். ர. மகி. அப்புறம் வகுப்பு 2. அடுத்த வருடம் 3 ஆகுமே, அதற்கு என்ன செய்வது?

அண்ணாச்சி: 2-ஐ ஒன்றும் செய்ய முடியாது சார். போன வருடமே வந்திருந்தால் 1 போட்டிருப்பேன். ஒரு கோடு கூட்டினால் 4. அடுத்த வருடம் வந்தால் 3 போடலாம். அதை 8 ஆக்கலாம்.

பெரியவர்: நடுவில் நான்கு வருடம்?

அண்ணாச்சி: தாகத்தை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியவர்: அதைத்தான் அவள் இப்போதே செய்கிறாள். காலையில் போகிற தண்ணீர் சொட்டுக் குறையாமல் மாலையில் வீட்டுக்கு வருகிறது.

அண்ணாச்சி: தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்களே! 2025 ஜூன் கடைசியில் அரசு சொன்னதே, வாட்டர் பெல். பதினொன்று, ஒன்று, மூன்று.

பெரியவர்: அடிக்கிறார்கள். வகுப்பிலேயே உட்கார்ந்து குடிக்க வேண்டும், வெளியே போகக் கூடாது. பத்தி எட்டையும் கேளுங்கள்: வகுப்பு நேரத்தில் கழிவறைக்கு அனுமதி இல்லை. மகிழ்நிலா என்னைவிடக் கணக்கில் கெட்டி. “தாத்தா, பதினொன்றுக்குக் குடித்தால் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு. அதுவரை யார் தாங்குவது?” என்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் போகலாம் என்றால் வரிசை நிற்கிறது. உள்ளே போனால் தாழ்ப்பாள் இல்லை.

அண்ணாச்சி: தாழ்ப்பாளுக்கு எத்தனையாவது பத்தி?

பெரியவர்: (தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து) பதினோரு பத்தி இருக்கிறது. எல்லாம் பாட்டிலைப் பற்றி.

அண்ணாச்சி: மிச்சத் தண்ணீரை அப்படியே கொண்டுவந்தால் வீட்டில் திட்டு விழாதா?

பெரியவர்: விழுந்தது. இப்போது மாலையில் பள்ளி வாசல் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு வருகிறாள். அவள் மட்டுமல்ல, வகுப்பே ஊற்றுகிறது. கன்று சேற்றில் சாய்ந்துவிட்டது. அதற்குத்தான் பத்தி பத்து: “மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் மாணவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.”

அண்ணாச்சி: பக்கத்து அறையில் மரம் வளர்ப்போம் என்று கட்டுரைப் போட்டி நடக்கும். சரி சார், குடிக்காத பிள்ளைக்கு ஒரு லிட்டர் எதற்கு? அரை பாட்டில் மட்டும் நிரப்பி அனுப்புங்கள்.

பெரியவர்: வாசலில் காவலாளி காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் கேட்டால் குறை என்று அர்த்தம். திருப்பி அனுப்பிவிடுவார்.

(அண்ணாச்சி எழுந்து, உள் அலமாரியிலிருந்து பருத்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவருகிறார்.)

அண்ணாச்சி: இது இரட்டைச் சுவர் வைத்தது. வெளியே பார்த்தால் ஒரு லிட்டர் போல நிற்கும். உள்ளே அரை லிட்டர்தான் பிடிக்கும். வாய் வரை நிரப்பிவிட்டால் எத்தனை குலுக்கினாலும் சத்தம் வராது. தண்ணீரோடு 800 கிராம்.

பெரியவர்: (கண்ணாடியை ஏற்றிக்கொண்டு) உடம்பில் 500 மி.லி. என்று கொட்டை எழுத்தில் பொறித்திருக்கிறதே! சிக்கிக்கொள்வோம்.

அண்ணாச்சி: அதன் மேல்தான் சார் பெயர் வெட்டப்போகிறேன். ஆனால் ‘ர. மகி’ அதை மறைக்காது.

பெரியவர்: மகிழ்நிலா என்று முழுதாக வெட்டினால்?

அண்ணாச்சி: 5 மறையும். இரண்டு பூஜ்யமும் தெரியும்.

பெரியவர்: அவள் அப்பா பெயரைச் சேருங்கள். ரவிச்சந்திரன்.

அண்ணாச்சி: மி.லி. எட்டிப் பார்க்கும்.

பெரியவர்: (சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு) கதவு எண்ணில் தொடங்கி அஞ்சல் குறியீடு வரை முகவரியையும் வெட்டுங்கள் அண்ணாச்சி. இன்னும் இடமிருந்தால் என் பெயரும் கிடக்கட்டும். பட்டத்தோடு.