பட்டியல்ல ரெண்டாவது இடம், வீட்ல தானியம் இல்ல

பழைய சைனாவுல சமூகத்த நாலு அடுக்கா பிரிச்சிருந்தாங்க. படிச்ச அதிகாரி முதல்ல, அடுத்து விவசாயி, அப்புறம் கைத்தொழில் பண்றவங்க, கடைசில வியாபாரி. இதப் பாத்துட்டு "விவசாயிய எவ்ளோ உசத்தில வச்சிருக்கான் பாருங்க"ன்னு ஒரு நண்பர் உருகி எழுதியிருந்தார். எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

ஹான் வம்சத்த ஆரம்பிச்ச லியூ பாங், கி.மு. 199ல வியாபாரிங்க பட்டு உடுத்தக்கூடாது, குதிரை ஏறக்கூடாது, ஆயுதம் வச்சுக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. சரி, அப்புறம் என்ன ஆச்சு? சில பத்து வருஷம் கழிச்சு சாவோ ட்சுவோங்கற அதிகாரி வென் பேரரசருக்கு ஒரு மனு எழுதுறாரு. அஞ்சு பேர் இருக்கற விவசாய வீடு, அதுல ரெண்டு பேராவது அரசாங்கத்துக்கு சம்பளமில்லாத கட்டாய வேலை பாக்கப் போயாகணும், வருஷம் முழுக்க ஓய்வே கிடையாது, நடுவுல வெள்ளம் வறட்சி, அந்த நேரம் பாத்து வரி கேட்டு வந்து நிப்பாங்க, கையில தானியம் இருக்கறவன் பாதி விலைக்கு தள்ளிவிடணும், இல்லாதவன் ஒண்ணுக்கு ரெண்டா திருப்பித் தர்றேன்னு கடன் வாங்கணும், கடைசில நிலம், வீடு, பெத்த புள்ளைங்க வரைக்கும் வித்துதான் கடன அடைக்கறாங்க. வியாபாரி எப்படி இருந்தான்னும் அதே மனுவுலயே இருக்கு: கால்ல பட்டு செருப்பு, தரையில இழுபடுற வெள்ளைப் பட்டு, கொழுத்த குதிரை. அந்த வீட்டு ஆம்பளைங்க களை எடுக்கறதில்ல, பொம்பளைங்க தறில உக்காரறதில்ல. பட்டுக்கு தடை போட்ட அதே நாட்டுலதாங்க இது! சட்டம் வியாபாரிய தாழ்த்துது, ஆனா அவன் ஏற்கனவே பணக்காரன். சட்டம் விவசாயிய உயர்த்துது, ஆனா அவன் ஏற்கனவே ஏழைன்னு மனுஷன் பளிச்சுனு எழுதிட்டாரு.

இதுக்கு அவர் சொன்ன தீர்வுதான் எனக்கு இடிக்குது. அரசாங்கத்துக்கு தானியம் குடுக்கறவங்களுக்கு கௌரவப் பட்டம் குடுங்கன்னாரு. பணக்காரன் பட்டத்துக்காக தானியம் வாங்குவான், விவசாயி கைக்கு காசு வரும்னு கணக்கு. கணக்கு தப்புன்னு சொல்லல. ஆனா கீழ்த்தட்டுன்னு ஒதுக்கி வச்சவனுக்கே மேல ஏற டிக்கெட் வித்த மாதிரிதானே? பேரரசரும் சரின்னுட்டாரு. ரொம்பப் பின்னாடி, சைனாவோட கடைசி அரச வம்சமான சிங் வம்சத்துல, அதிகாரி ஆகறதுக்கான அரசுத் தேர்வு எழுதாமலே பணம் கட்டி தகுதிப் பட்டம் வாங்கறது சாதாரணமாயிடுச்சு.

இந்த நாலு அடுக்குல வராதவங்களும் இருந்தாங்க. நாடகக்காரங்க, பரம்பரை இசைக் குடும்பங்க, அரசு அலுவலக ஏவலாளுங்க எல்லாம் இழிந்த மக்கள்னு தனிக் கணக்கு, அவங்க புள்ளைங்க தேர்வு எழுதவே முடியாது. இசைக் குடும்பங்கள அந்தக் கணக்குலேர்ந்து எடுக்க 1723ல யோங்ஜெங் பேரரசர் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. இவங்களப் பத்தி உருகி யாரும் பதிவு போட்டு நான் பாத்ததில்ல.

மனு எழுதின சாவோ ட்சுவோ முதல் அடுக்கு ஆளுதான். சிற்றரசர்களோட நிலத்த குறைக்கணும்னு சொல்லப்போய், ஏழு பேர் கலகம் பண்ண, அவங்கள சமாதானப்படுத்த கி.மு. 154ல அடுத்த பேரரசர் இவர பலி குடுத்துட்டாரு. அரசவை உடுப்பு போட்டபடியே கூட்டிட்டுப் போய் தலைநகர் கிழக்குச் சந்தைல வெட்டிட்டாங்க.