கண்ணாடி முகமும் மற்றவர்கள் பார்க்கும் முகமும்

கண்ணாடியில் தெரிவதுதான் எல்லோரும் பார்க்கும் நம் முகம், போட்டோதான் மாற்றிக் காட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. கண்ணாடி காட்டுவது இடவலம் மாறிய பிம்பம். யாருடைய முகமும் இருபுறமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. நாம் பார்த்துப் பழகியது கண்ணாடிப் பிம்பத்தை; போட்டோ காட்டுவதோ இடவலம் மாறாத முகத்தை. அதனால்தான் போட்டோவில் நம் முகமே நமக்கு அந்நியமாகப் படுகிறது. 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்குத் தங்கள் கண்ணாடிப் பிம்பமும் அவர்களுடைய நண்பர்களுக்கு இடவலம் மாறாத நேர்ப்படமுமே கூடுதலாகப் பிடித்திருந்தன. போட்டோவைப் பார்த்து மனம் நொந்துபோகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

மற்றவர்கள் பார்க்கும் முகத்தை நீங்களே பார்க்கலாம்: இரண்டு கண்ணாடிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, 90 டிகிரியில் நிறுத்தி, சேரும் கோட்டை நேராகப் பாருங்கள். வலது கண்ணைச் சிமிட்டினால் பிம்பத்தில் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும் கண் சிமிட்டும். வழக்கமான கண்ணாடியோடு ஒப்பிட்டால் வகிடும் பக்கம் மாறியிருக்கும். எதிரில் நிற்பவர் பார்ப்பது அதைத்தான்.