மேசையைக் கீழே இறக்கிப் போடுங்கோ

போன மாதம் எங்கட ஊர்ப் பக்கம் ஒரு நல்லிணக்கக் கூட்டம். தமிழாக்கள், முஸ்லிம் ஆக்கள் இரண்டு பக்கமும் வந்திருந்தார்கள். மேடையில் ஏழு கதிரை, ஏழிலும் ஆண்கள். கீழே நாங்கள் நாற்பது பெண்களுக்கு மேல் இருந்தோம். வரவுத் தாளில் கையெழுத்து வைத்தோம், தேத்தண்ணி குடித்தோம், படம் எடுத்தார்கள். எங்களைப் பேசக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டரை. "சுருக்கமாச் சொல்லுங்கோ அக்கா" என்றார்கள். அது இன்னும் மனதை அறுக்குது.

எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 1990இல் மகனைக் கொண்டுபோனார்கள். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழு ஆணைக்குழுவாகக் கொடுத்த மனுக்கள், காணாமல் போனோர் அலுவலகத்துக்கு நிரப்பின படிவம், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டின ஒரு சின்னப் படம். எந்தத் தாள் எந்த வருசம் என்று பார்க்காமலே சொல்லுவார். "ஒரே ஒரு கேள்விதான் மகள், அதைக் கேட்கத்தான் வந்தனான்" என்றார். அன்றைக்குக் கேட்கக் கிடைக்கவில்லை.

சமாதானம் என்றால் என்ன என்று எங்கட பெண்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2019இல் ஈஸ்டர் அன்று எங்கட மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, அத்தனை பிள்ளைகள் செத்தார்கள், அதற்குப் பிறகு தமிழாக்களும் முஸ்லிம் ஆக்களும் முகம் பார்க்கவே பயந்த நாட்கள் இருந்தது. மருதமுனைச் சாரி தவணைக்குக் கொண்டுவருகிற ராத்தா (முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாதக்கணக்கில் எங்கட ஒழுங்கைக்கு வரவில்லை. கடைசியில் மாதர் சங்கத்தில் இரண்டு பேர் போன் எடுத்து "வாங்க ராத்தா, சந்தியில நாங்க நிற்கிறம்" என்று சொல்லி, சொன்னபடி வெயிலில் நின்று கூட்டிவந்தார்கள். எந்த அறிக்கையிலும் இது வராது.

சரி, பெரிய மேசைக்கு வருவோம். 2002இல் போர்நிறுத்தம் வந்து பேச்சுவார்த்தை நடந்தபோது பிரதான மேசையில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பிறகு பெண்களுக்கென்று ஒரு உபகுழு அமைத்தார்கள், அரசு பக்கம் ஐந்து பேர், புலிகள் பக்கம் ஐந்து பேர், நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபர்க் இணைப்பாளர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடி மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் எல்லாம் பேசவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது, உபகுழுவும் அதோடு போய்விட்டது. அதை முதல் நாளே ஏன் அமைக்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

அதே 2003இல்தான் ஆபிரிக்காவில், உள்நாட்டுப் போர் நடந்த லைபீரியாவில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாய் வெள்ளை உடுத்தி, சமாதானம் கேட்டு வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். பேச்சுவார்த்தை கானாவில் இழுபட, லேமா போவி தலைமையில் மண்டப வாசலை மறித்து இருந்துவிட்டார்கள், உடன்பாட்டுக்கு வராமல் ஒருவரும் வெளியே போக ஏலாது என்று. ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பக்கத்துப் பக்கத்து ஊரான எங்கட காத்தான்குடி முஸ்லிம் பெண்களும் ஆரையம்பதித் தமிழ்ப் பெண்களும் இதை வாசித்தால் அந்நியமாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்த கூட்டம் தை மாதமாம். நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பேசுகிறவர்கள் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரை முதலாவதாகப் போடுங்கோ, காலையில், எல்லோரும் இருக்கும்போது. அவருக்கு முழங்கால் வருத்தம், மேடைப் படி ஏற ஏலாது. மேசையைக் கீழே இறக்கிப் போடுங்கோ.