முகம் அவருடையது, பெயர் மட்டும் நம்முடையதா?

ஊட்டியில் எந்தப் புகைப்படக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு தோடர் முதியவரின் முகம் இருக்கும். வெண்தாடி, பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வை, பின்னால் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல ஒரு குடிசை. படத்துக்குக் கீழே கேமரா எது, லென்ஸ் எது, எடுத்தவர் யார் என்றெல்லாம் எழுதியிருக்கும். எடுக்கப்பட்டவருக்கு மட்டும் "தோடர் முதியவர், நீலகிரி". பக்கத்துப் படத்தில் "காட்டெருமை, முதுமலை". இரண்டையும் எழுதிய கைக்கு வித்தியாசம் எதுவும் தோன்றவில்லை என்பதுதான் என் கோபம்.

இந்த வழக்கம் பழையது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் இங்குள்ள பழங்குடிகளைப் பற்றி எழுதிய நூல், புகைப்படங்களோடு 1873இல் வந்தது. அதே ஆண்டில் மார்ஷல் என்ற இராணுவ அதிகாரி, தோடர்களின் தலை வடிவத்தை வைத்து அவர்களின் குணத்தைக் கணிக்கும் நூலொன்றை வெளியிட்டார். அதிலும் படங்கள் உண்டு. பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வந்து மூக்கையும் தலையையும் அளந்தார். அவர்கள் ஆராய்ச்சி என்றார்கள், நாம் கலை என்கிறோம்.

கலைக்கு வேலி போடாதே என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். மார்க்கெட் கூட்டத்தைப் படமெடுப்பவர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புக்குள் போய், ஒரு பெரியவரை வாசலில் உட்கார வைத்து, "கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள், ஸ்வெட்டர் தெரியாமல் போர்த்திக்கொள்ளுங்கள், செல்போன் வேண்டாம்" என்று இயக்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இத்தனை சொல்ல நேரம் இருந்தவருக்குப் பெயர் கேட்க நேரமில்லையா? அந்த ஸ்வெட்டரும் செல்போனும்தான் அவருடைய இன்றைய வாழ்க்கை. அதை மறைத்து எடுத்த படத்தைப் போட்டிக்கு ஆவணப் பிரிவில் அனுப்புவதைப் பொய் என்றுதான் சொல்வேன்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும், பஞ்சத்தில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்குப் பின்னால் கழுகு உட்கார்ந்திருக்கும் அந்தச் சூடான் படத்துக்குப் போய்விடுகிறார்கள். தொலைதூரத்து மனசாட்சியைப் பற்றிப் பேசுவது சுலபம். எனக்கு நினைவுக்கு வருபவர் ஆப்கன் அகதிச் சிறுமியாக இருந்த ஷர்பத் குலா. பெஷாவர் அருகே அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அவர் படம், 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. அந்தக் கண்களை உலகமே அறிந்திருந்தது. பெயர் தெரிந்தது 2002இல், அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு. அதுவரை தன் படத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்நியர் ஒருவர் படமெடுத்தபோது வந்த கோபத்தை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்.

பெயர் போடுவது எல்லா நேரமும் நல்லதல்ல என்பதும் தெரியும். சிலர் வேண்டாம் என்பார்கள். குழந்தைகளின் பெயரைப் போடவே கூடாது. அப்போது "பெயர் வெளியிட விரும்பவில்லை" என்று எழுதலாமே. கேட்டிருக்கிறார் என்றாவது தெரியும்.

வரும் சீசனில் கண்காட்சி நடத்துபவர்கள் விண்ணப்பப் படிவத்தில் லென்ஸ் விவரத்துக்கு மேலே ஒரு வரி சேர்க்கட்டும்: படத்தில் இருப்பவர் யார், அவருக்கு ஒரு பிரதி கொடுத்தீர்களா? பரிசுத் தொகையில் அவருக்குப் பங்கு உண்டா என்று இப்போது நான் கேட்கவில்லை. அது தனிச் சண்டை.