ஏழே முக்கால் மணிக்கு உதவும் புத்தகம்

என் மகனுக்கு ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதாக மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் அது குறித்து நான் வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் ஒரு தட்டை நிறைத்துவிட்டன. "எதை வாங்கலாம்?" என்று அவ்வப்போது நண்பர்கள் உட்பெட்டியில் கேட்பதால், என் கருத்தை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். பள்ளி வேன் எட்டு மணிக்குத் தெருமுனைக்கு வரும். ஏழே முக்காலுக்குப் பத்து வயதுப் பையன் ஒரு காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் சாரை சாரையாகப் போகும் எறும்புகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் நான் என்ன செய்யவேண்டும் என்று எந்தப் புத்தகம் சொல்கிறதோ, அதுவே எனக்கு நல்ல புத்தகம்.

அந்த அளவுகோலின்படி முதலிடம், அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி எழுதிய 'டேக்கிங் சார்ஜ் ஆஃப் ஏடிஹெச்டி'. 1995இல் முதலில் வெளிவந்த நூல் இது. வாங்குவதானால் 2020இல் வந்த நான்காம் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். என்ன செய்யவேண்டும் என்பது இந்தக் குழந்தைகளுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் உரிய இடத்தில் செய்துமுடிக்கும் தன்னாட்சியில்தான், அதாவது தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் திறனில்தான், குறை என்று பார்க்லி சொல்கிறார். அந்தத் தன்னாட்சி, வயதுக்குச் சுமார் 30 விழுக்காடு பின்தங்கியிருக்கும் என்று ஒரு தோராயக் கணக்கையும் தருகிறார். பத்து வயதுப் பையனிடம் ஏழு வயதுக்குரிய தன்னாட்சியை மட்டும் எதிர்பார் என்று பொருள். இந்த ஒரு கணக்கு எங்கள் வீட்டில் எத்தனை சண்டைகளைத் தவிர்த்தது என்று சொல்லி மாளாது. ஏழு வயதுப் பிள்ளையை "போய்க் கிளம்பு" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கத்துவோமா? பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். அதைத்தான் நான் பத்து வயதிலும் செய்கிறேன்.

நினைவில் வைக்கவேண்டியதைக் கண்ணில் படும்படி வெளியே வை, அதையும் வேலை நடக்கும் இடத்திலேயே வை என்பது அவருடைய இன்னொரு அறிவுரை. குளிர்பதனப் பெட்டியில் நான் அழகாக ஒட்டியிருந்த காலை அட்டவணை ஏன் பயன்படவில்லை என்பது அதைப் படித்தபிறகுதான் புரிந்தது. இப்போது செருப்பு வைக்கும் மாடத்துக்கு மேலே, அவன் கண்ணுக்கு நேராக, காலுறை, ஷூ, தண்ணீர்ப் பாட்டில், டைரி என்று நான்கு படங்கள் மட்டும் இருக்கின்றன. சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியில் ஏழரை முதல் ஏழே முக்கால் வரை சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். பெரிய முள் சிவப்பைத் தாண்டுவதற்குள் ஷூ காலில் இருக்கவேண்டும். பாதி நாட்கள் இருக்கிறது.

அந்த நூலின் பயிற்சிப் பகுதி மிகவும் கடினமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் படி, தண்டனையும் பரிசும் அல்ல. ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் குழந்தை விளையாடும் இடத்தில் சும்மா உட்காரவேண்டும். கட்டளை இடக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, திருத்தக்கூடாது, நடப்பதைப் பார்த்து ரசித்துச் சொல்லலாம், அவ்வளவுதான். முதல் நாள் எனக்கு மூன்று நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. "இது என்ன கலர்?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஒரு நாளில் அவனிடம் நான் பேசும் பேச்சில் பெரும்பகுதி அதட்டலும் விசாரணையுமாக இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். சில வாரங்கள் கழித்தே பரிசு முறைக்கு வந்தோம். சிறு குழந்தைகளுக்குப் போக்கர் சில்லுகளை (சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்டச் சில்லுகள்) கொடு என்கிறார் நூலாசிரியர். மதுரையில் போக்கர் சில்லுக்கு எங்கே போவது? அம்மா புளி தட்டியபோது மிஞ்சிய கொட்டைகளை ஒரு டம்ளரில் போட்டு வைத்துக்கொண்டோம். சொன்னதும் செய்தால், அந்தக் கணமே ஒரு கொட்டை கையில். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பதெல்லாம் இந்தக் குழந்தைகளுக்கு அடுத்த பிறவிக்கான வாக்குறுதி. ஆரம்பத்தில், கொடுத்த கொட்டையைக் கோபத்தில் திரும்பப் பிடுங்கக்கூடாது என்ற விதியைக் காப்பாற்ற நான்தான் பெரிதும் தடுமாறினேன்.

அடுத்து, இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ராஸ் கிரீன் 1998இல் எழுதிய 'தி எக்ஸ்ப்ளோசிவ் சைல்ட்'. இது ஏடிஹெச்டிக்கென்றே எழுதப்பட்ட நூல் அல்ல, எளிதில் வெடித்துவிடும் பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் எங்கள் வீட்டைப் போல மாலை வீட்டுப்பாட நேரம் போர்க்களமாகும் வீடுகளுக்கு இது அவசியம். முடிந்தால் குழந்தை நன்றாகவே நடந்துகொள்ளும், நடந்துகொள்ளவில்லை என்றால் ஏதோ ஒன்று அதற்கு முடியவில்லை என்பது கிரீனின் அடிப்படை. பெரியவர் தம் முடிவைத் திணிப்பது ஒரு வழி, இப்போதைக்கு விட்டுவிடுவது இன்னொரு வழி. இருவரும் உட்கார்ந்து, முதலில் குழந்தையின் சங்கடத்தைக் கேட்டு, பிறகு நம் கவலையைச் சொல்லி, ஒரு தீர்வைக் கண்டுபிடிப்பது அவர் பரிந்துரைக்கும் வழி. அதையும் சண்டை நடக்கும்போது செய்யாமல், ஒரு சாவகாசமான நேரத்தில் செய்யச் சொல்கிறார்.

ஒரு ஞாயிறு காலை இட்லி சாப்பிடும்போது, "கணக்கு ஹோம்வொர்க் எடுத்தாலே உனக்குக் கோபம் வருது, என்னடா விஷயம்?" என்று மெதுவாகக் கேட்டேன். நெடுநேரம் சட்னியைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "கணக்கு ஈஸிப்பா. புக்கைப் பார்த்து எழுதறதுதான். மேல பார்த்துட்டுக் கீழ வந்தா எந்த நம்பர்னு போயிடுது" என்றான். இரண்டு ஆண்டுகளாகக் கணக்குக்கு ட்யூஷன் வைத்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வினாக்களை அவன் அம்மா நோட்டில் எழுதித் தருகிறாள், அவன் விடையை எழுதுகிறான்.

எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி என்ற இரு மனநல மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய 'டிரிவன் டு டிஸ்ட்ராக்ஷன்' (1994) பற்றிப் பலரும் சொல்வார்கள். எழுதிய இருவருக்குமே இந்தச் சிக்கல் உண்டு. நோயாளிகளின் கதைகளாக ஓடும் சுவையான நூல்தான், ஆனால் ஏழே முக்காலுக்கு உதவாது. என் சட்டைப்பையில் சாவி இருந்தும் வீடு முழுக்கத் தேடும் என்னை எனக்கு அடையாளம் காட்டியது என்ற வகையில் மட்டும் அதற்குக் கடன்பட்டிருக்கிறேன். "இவன் அப்பனும் இப்படித்தான்" என்று அப்பத்தா சொன்னதை அது உறுதிப்படுத்தியது.

எனக்கு மனத்தாங்கல் உள்ள நூல் ஒன்றும் உண்டு. கனடா மருத்துவர் காபோர் மாட்டே 1999இல் எழுதிய 'ஸ்காட்டர்ட் மைண்ட்ஸ்' நெஞ்சைத் தொடும் நடையில் எழுதப்பட்டது. குழந்தை பிறவியிலேயே மென்மையான உணர்வுடன் வருகிறது, குழந்தைப் பருவத்தில் வீட்டில் நிலவும் மன அழுத்தமே அதைச் சிதறிய கவனமாக மாற்றுகிறது என்பது அவருடைய வாதம். பெற்றோரைக் குற்றம் சொல்லவில்லை என்று அவரே எழுதுகிறார். ஆனால் படித்து முடித்த இரவில், கர்ப்ப காலத்திலும் அதற்குப் பிறகும் நடந்த ஒவ்வொரு சண்டையையும் நானும் என் மனைவியும் தோண்டி எடுத்துப் பார்த்து அழுதோம். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், ஏடிஹெச்டியில் மரபணுக்களின் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புதிதாகக் கண்டறியப்பட்ட குழந்தையின் தாயிடம் இந்த நூலை முதல் நூலாகக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அக்கம்பக்கத்தார் அவளைப் போதுமான அளவு குற்றம் சொல்லியிருப்பார்கள்.

எந்தப் புத்தகமும் மருத்துவரைப் பார்ப்பதற்கு ஈடாகாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிந்தால்தான் இதை ஏடிஹெச்டி என்று உறுதிசெய்வார்கள். வீட்டில் மட்டும் சேட்டை செய்யும் பிள்ளைக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட வேண்டாம். மருந்து குறித்து உறவினர்களின் வாட்ஸ்அப் தகவல்களைவிடப் பார்க்லியின் அத்தியாயங்கள் நிதானமானவை. வல்லாரையும் நினைவாற்றலும் அட்டையில் சிரிக்கும் புத்தகக் கண்காட்சி நூல்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அமெரிக்க நூல்களில் நமக்குப் பயன்படாத பகுதி, பள்ளி பற்றியதுதான். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவைக் காட்டிப் பெற்றோர் சலுகை கேட்கமுடியும். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி தனியாக இல்லை. ஆகவே நமக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது ஆசிரியரின் மனம்தான். டைரியில் தினமும் சிவப்பு மையில் "கவனமில்லை" என்று எழுதிவந்த ஆசிரியையிடம், அதற்குப் பதிலாக மூன்றே செயல்களுக்கு மதிப்பெண் போடமுடியுமா என்று கேட்டேன். பார்க்லி சொல்லும் அன்றாட அறிக்கை அட்டையின் சுருக்கம் அது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் அதை நான்கு மாதங்கள் செய்தார் என்பதே பெரிது.

ஆங்கிலம் வராத பெற்றோருக்கு என்ன கொடுப்பது என்பதுதான் என் ஆற்றாமை. தமிழில் உடனே கைக்கு எட்டுவது, ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்லும் 'டோட்டோ சான்'. மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்காகவும், ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களை அழைத்ததற்காகவும் முதல் வகுப்பிலேயே வெளியேற்றப்பட்ட சிறுமி பேசுவதை, புதிய பள்ளியின் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் இடைமறிக்காமல் கேட்கும் பகுதியை ஆசிரியர்களுக்கு நான் பரிசளிப்பதுண்டு. ஆனால் அது வழிகாட்டி நூல் அல்ல. என் அம்மாவுக்காக, பார்க்லியிடமும் கிரீனிடமும் கற்றதை என் சொந்தச் சொற்களில் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். வேண்டுவோர் கேளுங்கள், படமெடுத்து அனுப்புகிறேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் நிற்கிறது. ஆறு மாதங்களாக அங்கேயேதான் நிற்கிறது, என்ன செய்வது, அப்பத்தா சொன்னது சரிதான்.