பண ஆசை என்று திருத்தியதற்கா இவ்வளவு கோபம்?

நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாட்களாக ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பணம் எல்லாத் தீமைக்கும் வேர் என்றீர்கள் தம்பி, பவுல் எழுதியது பண ஆசை" என்று, பிரசங்கித்த தம்பியை அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஆலய வாசலில் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அதற்குக் குழுவில் கிடைத்த பதில், "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்". அதன் கீழே வரிசையாக ஆமென்கள். அந்த ஆமென்கள்தாம் என்னை மிகவும் வருத்தின.

அந்த வசனம் வருகிற 105-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முற்பிதாக்கள் அந்நியராய் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்ததை அது சொல்கிறது. பிரசங்கிப்பவரைத் திருத்தக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? தாவீது ராஜாவும் அபிஷேகம் பெற்றவன்தான். அவன் செய்த பாவத்தைச் சுட்டிக்காட்டி நாத்தான் தீர்க்கதரிசி "நீயே அந்த மனுஷன்" என்றபோது, பாவஞ்செய்தேன் என்று ஒப்புக்கொண்டானே தவிர, தன் அபிஷேகத்தைக் காட்டித் தப்பிக்கவில்லை.

திருத்தப்படுவது வலிக்கும் என்பதை அறியாமல் எழுதவில்லை. பத்தொன்பது வயதில் காட்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஞாயிறு பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். இயேசுவைப் பணிய வந்த சாஸ்திரிகள் மூவர் என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "மத்தேயுவில் எண்ணிக்கை இருக்குதா, பார்த்துச் சொல்லு கண்ணு" என்றார் ஒரு பாட்டி. தேடினேன். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தாம் மூன்று. ஆறு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஏழாவது வாரம் போனபோது, "பரீட்சை முடிஞ்சுதா அண்ணா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் கோபித்துக்கொண்டு நின்றதை மறைத்து, எனக்குப் பரீட்சை என்று சொல்லி, அத்தனை வாரமும் பாட்டியே அவர்களைக் கூட்டிவைத்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்காமலே அவருடைய அடக்க ஆராதனைக்குப் போய் நின்றேன்.

திருத்துகிறேன் என்று அவமானப்படுத்துகிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆகவேதான் மத்தேயு 18-இல் ஆண்டவர் முதலில் தனியாகப் போய் உணர்த்தச் சொன்னார். அந்த அம்மா செய்ததும் அதுதான். ஆனால், "பெண்கள் திருத்த வரலாமா" என்று எழுதிய சகோதரருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோ என்ற போதகனைத் தனியே சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாள் என்ற பெண்ணும் ஒருத்தி அல்லவா? இடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய இந்த வேலூரில் இருந்துகொண்டு, ஒரு பெண்ணின் வாயிலிருந்து சத்தியம் வந்தால் நமக்குக் கசக்கிறதா?

அந்த அம்மா நேற்று குழுவை விட்டு வெளியேறிவிட்டார். நாளை மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன். தம்பி, நீங்களும் வருவதானால் ஆலய வாசலில் காத்திருப்பேன்.